டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது



எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு பழைய டிராக்டர் நிற்கிறது. என் தாத்தா 1972-ஆம் ஆண்டில் வாங்கிய டீசல் வண்டி அது. 35 குதிரைத் திறன் கொண்டது. வண்ணம் வெளிறி, இருக்கை கிழிந்து, பார்ப்பதற்கு வயோதிகத் தோற்றம்தான். எனினும் சேற்றுழவு முதல் நெல் மூட்டை ஏற்றிச் செல்வது வரை இன்றும் எங்கள் குடும்பத்துக்கு உழைத்து வருகிறது. அந்த வண்டிக்கு ஒரே ஒரு குறை இருந்தது. இரவில் அதற்குக் கண் தெரியாது!

வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர் சில சமயம் இரவில்தான் வரும். அப்போது சேற்றுழவையும் இரவிலேயே முடித்தாக வேண்டும். வண்டி வேகமாக ஓடும்போது விளக்குகள் ஒருவாறு எரியும். வரப்பின் அருகே திரும்புவதற்காக அப்பா வேகத்தைக் குறைப்பார். உடனே விளக்கு மங்கி, மஞ்சளாகி, பிறகு சிவந்த புள்ளியாகிவிடும். எந்த இடத்தில் கண் நன்றாகத் தெரிய வேண்டுமோ அந்த இடத்தில் வெளிச்சம் இராது. ஆகவே நான் டார்ச் விளக்கை ஏந்திக்கொண்டு வரப்பின்மேல் நடந்து திருப்பத்தைக் காட்டுவது வழக்கம். ஒரு நாள் இரவு முன் சக்கரம் வரப்பில் ஏறி, என் காலுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. அன்று அம்மா, "இனி இந்த வண்டி இரவில் வயலில் இறங்கக் கூடாது. இல்லையென்றால் விற்றுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

தாத்தாவின் வண்டியை விற்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊருக்கு அடுத்த சிறு நகரத்தில் வண்டிகளுக்கு மின்வேலை செய்யும் முதியவர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை 'மிஸ்திரி' என்றே அழைப்பார்கள். அவர் வந்து பார்த்தார். "பாட்டரியும் நன்றாக இருக்கிறது, விளக்கும் நன்றாக இருக்கிறது. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடுங்கள், சரியாகிவிடும்" என்றார்.

டைனமோ என்பது என்ன? ஆல்டர்னேட்டர் என்பது என்ன? இரண்டும் மின்சாரம் உண்டாக்கும் பொறிகள்தாமே? பிறகு ஒன்றால் முடியாதது மற்றொன்றால் எப்படி முடிகிறது? நான் மிஸ்திரியிடம் கேட்டும், வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டும், என் கையாலேயே ஒரு தவறு செய்தும் கற்றுக்கொண்டவற்றை உங்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்சாரம் பிறக்கும் விதம்

1831-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே என்னும் அறிஞர் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். கம்பிச் சுருளுக்கு அருகே காந்தத்தை அசைத்தால், அல்லது காந்தத்துக்கு அருகே சுருளை அசைத்தால், கம்பியில் மின்சாரம் உண்டாகிறது. அசைவு நின்றால் மின்சாரமும் நின்றுவிடும். நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் சுருளுக்குள் காந்தச் சட்டத்தை நுழைத்தும் வெளியே இழுத்தும் கால்வனாமீட்டரின் முள் ஆடுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? காந்தம் உள்ளே போகும்போது முள் ஒரு பக்கம் சாய்கிறது. வெளியே வரும்போது மறு பக்கம் சாய்கிறது.

முள்ளின் அந்த ஆட்டத்தைக் கவனியுங்கள். அதில்தான் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது. சுருளோ காந்தமோ சுழன்றுகொண்டே இருந்தால், உண்டாகும் மின்சாரம் ஒரு திசையில் ஓடி, உடனே எதிர்த் திசையில் ஓடி, மாறி மாறி வரும். இதுவே மாறுதிசை மின்னோட்டம். ஆனால் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்ற வேண்டுமானால் ஒரே திசையில் ஓடும் மின்சாரம் வேண்டும். குடத்தில் ஒரு குவளை நீரை ஊற்றி அடுத்த கணமே ஒரு குவளை மொண்டு எடுத்தால் குடம் நிறையுமா?

ஆகவே வண்டியின் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் எந்தப் பொறிக்கும் இரண்டு வேலைகள் உண்டு. முதலில் மின்சாரத்தை உண்டாக்க வேண்டும்; அடுத்து அதை ஒரே திசைக்குத் திருப்ப வேண்டும். முதல் வேலையை டைனமோவும் ஆல்டர்னேட்டரும் ஒரே தத்துவத்தின்படி செய்கின்றன. இரண்டாவது வேலையைச் செய்யும் முறையில்தான் இரண்டும் பிரிகின்றன.

டைனமோவின் அமைப்பு

ஃபாரடே கண்டறிந்த மறு ஆண்டே, அதாவது 1832-இல், பிரான்சு நாட்டின் பிக்ஸி என்பவர் கையால் சுழற்றும் மின்பொறி ஒன்றைச் செய்தார். அதிலிருந்து மாறுதிசை மின்னோட்டமே வந்தது. அக்காலத்தில் அதற்குப் பயன் எதுவும் தெரியவில்லை. ஆகவே திசையை மாற்றித் தரும் ஓர் உறுப்பை அவர் சேர்த்தார். கம்யூடேட்டர் எனப்படும் திசைமாற்றியின் தொடக்கம் அதுவே.

டைனமோவில் மின்காந்தம் வெளியே அசையாமல் இருக்கும். அதன் நடுவே ஆர்மெச்சூர் என்னும் சுருள் தொகுதி சுழலும். சுருளின் முனைகள், துண்டு துண்டாகப் பிரிந்த ஒரு செம்பு வளையத்தில் சேர்க்கப்பட்டிருக்கும். அதுவே திசைமாற்றி. இரண்டு கரித் துண்டுகள் அந்த வளையத்தை அழுத்திக்கொண்டிருக்கும். இவற்றையே கார்பன் பிரஷ் என்கிறோம். சுருளில் மின்சாரம் திசை மாறும் அதே நொடியில் வளையத்தின் துண்டும் மாறிவிடுவதால், வெளியே வரும் மின்சாரம் எப்பொழுதும் ஒரே திசையில் வரும். மிகவும் சாமர்த்தியமான ஏற்பாடு!

ஆனால் இந்தச் சாமர்த்தியத்துக்குச் சில விலைகள் உண்டு. முதலாவது, டைனமோ தரும் மின்சாரம் முழுவதும் அந்தக் கரித் துண்டுகள் வழியாகவே வெளியே வர வேண்டும். ஆகவே பொறி பறக்கும், கரி தேயும், செம்பும் தேயும். இரண்டாவது, கனமான செம்புச் சுருள்கள் சுழலும் பகுதியில் இருப்பதால் மிக வேகமாகச் சுழற்ற முடியாது. சுழற்றினால் சுருள் பிதுங்கி வெளியே வரும்; திசைமாற்றியும் கெடும். இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போதும் டைனமோ கெடாதிருக்க வேண்டும் என்பதற்காக அதற்குப் பெரிய புல்லி போட்டு மெதுவாகவே சுழலச் செய்கிறார்கள். அதன் விளைவு என்ன? இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ மிக மிக மெதுவாகச் சுழலும். அப்போது உண்டாகும் மின் அழுத்தம் பாட்டரியின் அழுத்தத்தைவிடக் குறைவு. ஆகவே ஒரு துளி மின்சாரம்கூட பாட்டரிக்குப் போகாது.

எங்கள் வண்டி வரப்போரத்தில் கண் இழந்ததன் காரணம் இதுவே. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன் விளக்குகள் இரண்டும் 45 வாட் வீதம் 90 வாட். கலப்பையைக் காட்டும் பின் விளக்கு 35 வாட். மொத்தம் 125 வாட். பாட்டரி 12 வோல்ட். 125-ஐ 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10 ஆம்பியர் வரும். பழைய டிராக்டர் டைனமோக்களில் சில முழு வேகத்திலேயே 11 ஆம்பியர்தான் கொடுக்கும். பெரியவை 22 வரை கொடுக்கும். எங்களுடையது சிறிய வகை. முழு வேகத்தில் வரவுக்கும் செலவுக்கும் சரியாகிவிடும். வேகம் குறைந்தால் செலவு மட்டுமே. உழவில் வேகம் குறையும் நேரமே அதிகம். இரவு முழுவதும் பாட்டரியிலிருந்து கடன் வாங்கிக்கொண்டே போனால், அது இளைத்துப்போய், விளக்கும் மங்கத்தானே செய்யும்? காலையில் செல்ஃப் அடிக்கவும் அதில் திராணி இராது. இதனால்தான் அப்பா வண்டியை எப்பொழுதும் மேட்டிலேயே நிறுத்துவார். காலையில் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்யலாம் அல்லவா?

ஆல்டர்னேட்டரின் அமைப்பு

ஆல்டர்னேட்டரில் எல்லாம் தலைகீழ். சுழல்வது மின்காந்தம், அசையாமல் சுற்றிலும் இருப்பது மின்சாரம் உண்டாகும் கனத்த சுருள். அது மூன்று பிரிவுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். வெளியே போகும் பெரும் மின்சாரம் அசையாத சுருளிலிருந்து நேரே கம்பியில் போகிறது. எந்தப் பிரஷ்ஷையும் தொடுவதில்லை. நடுவே சுழலும் காந்தத்துக்கு மட்டும் இரண்டு மூன்று ஆம்பியர் மின்சாரம் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வழவழப்பான நழுவு வளையங்களும் இரண்டு சிறு பிரஷ்களும் உண்டு. வளையத்தில் வெட்டுத் துண்டுகள் இல்லாததாலும் மின்சாரம் குறைவாக இருப்பதாலும் அவை நெடுங்காலம் உழைக்கும்.

மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்பும் வேலையை இங்கே செய்பவை டையோடுகள். டையோடு என்பது சிலிக்கனால் ஆன ஒரு சிறு பொருள். ஒரு திசையில் மின்சாரத்தை விடும். எதிர்த் திசையில் விடாது. மிதிவண்டி டியூபில் இருக்கும் வால்வைப் போன்றது. காற்று உள்ளே போகும், வெளியே வராது. மூன்று சுருள்களுக்கும் இரண்டிரண்டாக ஆறு டையோடுகள். அவற்றில் அசையும் பகுதி இல்லை, தேயும் பகுதி இல்லை, பொறி இல்லை. மின்சாரம் கடந்து போகும்போது வெப்பம் மட்டும் உண்டாகும். அதற்காகவே ஆல்டர்னேட்டரின் புல்லியோடு ஒரு விசிறியும் சுழல்கிறது.

இவ்வளவு நல்ல பொறியை முன்பே ஏன் வண்டிகளில் போடவில்லை என்று கேட்கலாம். மாறுதிசை மின்சாரத்தை உண்டாக்கும் பொறி பிக்ஸியின் காலத்திலேயே இருந்தது. இல்லாதிருந்தது, சிறியதாகவும் மலிவாகவும் வெப்பத்தைத் தாங்குவதாகவும் ஒரு டையோடு. சிலிக்கன் டையோடுகள் வந்த பிறகே வழி பிறந்தது. அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1960-ஆம் ஆண்டின் வேலியண்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. அதன் பின்னர் மற்ற கார்களிலும் லாரிகளிலும் டிராக்டர்களிலும் அது பரவியது.

கனத்த சுருள் சுழலாததால் ஆல்டர்னேட்டரை வேகமாகச் சுழற்றலாம். சிறிய புல்லி போட்டு, இன்ஜின் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இது இரண்டரை அல்லது மூன்று சுற்றுச் சுற்றும்படி அமைக்கிறார்கள். ஆகவே இன்ஜின் நின்ற இடத்திலேயே மெல்ல ஓடினாலும் பாட்டரிக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். சிறிய ஆல்டர்னேட்டரே 30 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வல்லது. எங்கள் விளக்குகளுக்கு வேண்டியது 10 மட்டுமே!

கட்-அவுட் பெட்டி என்ன ஆயிற்று?

டைனமோ உள்ள வண்டியில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதை நம் ஊரில் கட்-அவுட் என்பார்கள். டைனமோவின் அழுத்தம் குறைந்ததும் பாட்டரியிலிருந்து அதைப் பிரித்துவிடுவது அதன் ஒரு வேலை. பிரிக்காவிட்டால் பாட்டரியின் மின்சாரம் பின்னோக்கி ஓடி, டைனமோவை மோட்டாராகச் சுழற்றப் பார்க்கும், சுருள் கருகிவிடும். ஆல்டர்னேட்டரில் டையோடுகளே மின்சாரம் பின்னோக்கி வராமல் தடுத்துவிடுகின்றன. ஆகவே கட்-அவுட் தேவையில்லை. மின் அழுத்தம் மிகாமல் காக்க ஒரு ரெகுலேட்டர் மட்டும் போதும். இப்போதைய ஆல்டர்னேட்டர்களில் அதுவும் உள்ளேயே அடங்கியிருக்கிறது. பழைய பெட்டியைச் சுவரில் அழகுக்கு விட்டுவைக்கலாம். ஆனால் அதனுள் ஓடும் கம்பிகளை விட்டுவைக்கக் கூடாது.

மாற்றிய முறை

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மிஸ்திரி வந்தார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் வேலையை ஏற்றேன். அவர் என்னிடம், "பாப்பா, ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு வா. கழற்றும் ஒவ்வொரு கம்பியும் எங்கே இருந்தது என்று எழுது" என்றார். இதுதான் முதல் பாடம். வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்ற வேண்டும். வண்டியின் உடம்போடு சேர்ந்த கம்பியே எர்த். அதைக் கழற்றிவிட்டால் ஸ்பானர் எங்கே பட்டாலும் தீப்பொறி வராது.

2. பாட்டரியின் எந்த முனை எர்த் என்று பார்க்க வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் பிளஸ் முனையே எர்த். எங்களுடையதும் அப்படியே. ஆனால் இன்று கிடைக்கும் ஆல்டர்னேட்டர்களில் ஏறக்குறைய எல்லாமே மைனஸ் எர்த்துக்குச் செய்யப்பட்டவை. ஆகவே பாட்டரியைத் திருப்பி வைத்து மைனஸை எர்த் ஆக்கினோம். பாட்டரியின் பிளஸ் முனை மைனஸ் முனையைவிடச் சற்றுப் பருமன். அதற்கேற்பக் கம்பியின் வளையங்களையும் மாற்றினோம்.

3. டைனமோவையும் அதன் கம்பிகள் இரண்டையும் கழற்ற வேண்டும். தடித்த கம்பி மின்சாரம் கொண்டு போவது. மெல்லிய கம்பி காந்தச் சுருளுக்கானது. சில வண்டிகளில் டைனமோவின் பின்புறத்திலிருந்து மணி மீட்டருக்கு ஒரு கேபிள் போகும். அமெரிக்காவின் ஃபோர்டு 8என் டிராக்டரின் பிற்கால வண்டிகளில் அப்படி உண்டு. அத்தகைய வண்டியில் டைனமோவைக் கழற்றினால் மீட்டருக்கு வேறு வழி தேட வேண்டும். எங்களுடையதில் அந்தத் தொல்லை இல்லை.

4. ஆல்டர்னேட்டர் குட்டையானது, டைனமோ நீளமானது. ஆகவே தாங்கும் இரும்புப் பட்டையைப் புதிதாக வெட்டித் துளையிட வேண்டியிருந்தது. இன்ஜின் புல்லி, தண்ணீர் பம்பின் புல்லி, ஆல்டர்னேட்டரின் புல்லி மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். மிஸ்திரி ஒரு நேரான இரும்புச் சட்டத்தை மூன்றின் மேலும் வைத்துப் பார்த்தார். கோணலாக இருந்தால் ஃபேன் பெல்ட் ஓரம் தேய்ந்து அறுந்துவிடும். பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல் அமுங்க வேண்டும். மிகத் தொய்ந்தால் வழுக்கும். மிக இறுகினால் பேரிங் போகும்.

5. ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து பாட்டரியின் பிளஸ் முனைக்கு ஒரு தடித்த புதிய கம்பி போட வேண்டும். பழைய கம்பி 11 ஆம்பியருக்குப் போட்டது. 30 ஆம்பியர் போனால் சூடேறி உருகும். பழைய ஆம்பியர் மீட்டரும் அவ்வாறே. அதன் வழியாக இவ்வளவு மின்சாரத்தை விடாமல், பதிலாக ஒரு வோல்ட் மீட்டரைப் பொருத்தினோம்.

6. கடைசியாக ஒரு சிறு சிவப்பு விளக்கு. சாவியிலிருந்து இந்த விளக்கு வழியாக ஆல்டர்னேட்டரின் சிறிய முனைக்கு ஒரு கம்பி போகும்.

சிவப்பு விளக்கின் வேலை

இந்தச் சிறு விளக்கு அழகுக்கு வைத்தது என்று நான் எண்ணினேன். அப்படி அல்ல. டைனமோவின் இரும்பில் பழைய காந்தத் தன்மை சிறிது தங்கியிருக்கும். அதைக் கொண்டே டைனமோ தானாகத் தொடங்கிவிடும். ஆல்டர்னேட்டரில் அது போதாது. தொடக்கத்தில் யாராவது கை கொடுக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் பாட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் விளக்கு வழியாகப் போய்ச் சுழலும் சுருளைக் காந்தமாக்குகிறது. அப்போது விளக்கு எரியும். ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்கியதும் விளக்கின் இரு பக்கங்களிலும் அழுத்தம் சமமாகிவிடும். இரு தொட்டிகளில் நீர் மட்டம் சமமாக இருந்தால் நடுக் குழாயில் நீர் ஓடுமா? அதுபோல விளக்கும் அணைந்துவிடும். ஓடும்போது மறுபடி எரிந்தால் ஏதோ கோளாறு என்று பொருள். பெல்ட் அறுந்தாலும் அது எரியும். பெல்ட் அறுந்தால் தண்ணீர் பம்பும் நின்றுவிடும் என்பதால், இன்ஜினுக்கும் அது ஒரு காவல்.

விளக்கின் பல்பு எரிந்துபோனால் ஆல்டர்னேட்டர் தொடங்காமலே இருந்துவிடக்கூடும். ஆகவே இரண்டு ரூபாய் பல்புதானே என்று அலட்சியம் செய்யக் கூடாது என்றார் மிஸ்திரி. பெட்ரோல் டிராக்டராக இருந்தால் இன்னொரு சங்கடம் உண்டு. சாவியை மூடிய பின்பும் இந்தக் கம்பி வழியாக மின்சாரம் திரும்பி வந்து இன்ஜினை நிற்கவிடாமல் ஓட்டும். அதைத் தடுக்க ஒரு டையோடு சேர்ப்பார்கள். டீசல் வண்டியை எரிபொருளை நிறுத்தியே அணைப்பதால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பாட்டரியைத் திருப்பி வைத்தால் செல்ஃப் மோட்டார் எதிர்ப் பக்கம் சுழலாதா என்று நான் கேட்டேன். மிஸ்திரி, "சுழலாது, பாப்பா. போட்டுப் பார்" என்றார். அப்படியே ஆயிற்று! மறுநாள் வகுப்பில் சிஸ்டர் காரணம் சொன்னார். அந்த மோட்டாரின் காந்தமும் மின்காந்தமே. மின்சாரத்தின் திசை மாறும்போது காந்தத்தின் துருவங்களும் மாறுகின்றன. சுழலும் சுருளின் துருவங்களும் மாறுகின்றன. இரண்டும் ஒருங்கே மாறுவதால் சுழலும் திசை மாறுவதில்லை.

இன்ஜின் ஓடாதபோது வோல்ட் மீட்டர் 12.6 காட்டியது. ஸ்டார்ட் செய்ததும் 14-க்கு ஏறியது. எல்லா விளக்குகளையும் போட்டு, இன்ஜினை மிக மெதுவாக ஓடவிட்டார் அப்பா. முள் சற்றே இறங்கி, 13.8-இல் நின்றது. விளக்கு மங்கவில்லை.

என் தவறு

இதோடு கட்டுரை முடிந்திருந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். ஆனால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு மாதம் கழித்துப் பாட்டரியை இறக்கி, முனைகளில் படிந்திருந்த பச்சைப் பூஞ்சணத்தை வெந்நீரால் கழுவினோம். அதை மறுபடி இணைக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எர்த் பட்டையில் தாத்தா காலத்துச் சிவப்புச் சாயம் இன்னும் ஒட்டியிருந்தது. சிவப்பு என்றால் பிளஸ் என்றுதானே படித்திருக்கிறோம்? அதைப் பிளஸ் முனையில் மாட்டினேன். வளையம் இறங்க மறுத்தது. சிறிய வளையம் பெரிய முனையில் எப்படி இறங்கும்? "தவறான முனை" என்று அது எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை. திருகை நன்றாகத் தளர்த்தி, தட்டி இறக்கிவிட்டேன். அடுத்த கம்பியை வைத்த நொடியில் பெரிய தீப்பொறி, கருகிய வாடை, ஆல்டர்னேட்டரிலிருந்து புகை. அப்பா ஓடி வந்து கம்பியைப் பிடுங்கினார்.

நடந்தது என்ன? டையோடு ஒரு திசையில் மட்டும் வழி விடும் என்றேன் அல்லவா? பாட்டரியைத் தலைகீழாக இணைத்தால் அந்தத் திறந்த திசையே பாட்டரிக்கு நேராகிவிடுகிறது. தடுப்பார் யாருமின்றிப் பாட்டரியின் மின்சாரம் முழுவதும் டையோடுகளின் வழியே பாய்ந்தது. டைனமோவாக இருந்தால் கட்-அவுட் பிரித்து வைத்திருக்கும்; அந்த நொடியில் ஒன்றும் ஆகியிராது. பழைய பொறி தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும், புதியது பொறுக்காது.

டையோடு தகடும் ரெகுலேட்டரும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. இரண்டு மூட்டை நெல்லின் விலை போயிற்று. அப்பா என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. மிஸ்திரி மட்டும், "பட்டையின் சாயத்தை அன்றே சுரண்டாதது என் தவறு" என்று சொல்லி, கூலி வாங்க மறுத்துவிட்டார். அன்று மாலை நான் சிவப்புச் சாயத்தை முழுவதும் சுரண்டி எடுத்து, கறுப்புச் சாயம் பூசினேன். பாட்டரிப் பெட்டியின் மூடியில் வெள்ளைச் சாயத்தால் 'எர்த் – மைனஸ்' என்று பெரிதாக எழுதினேன். அந்த எழுத்து இன்றும் இருக்கிறது.

நினைவில் கொள்ள வேண்டியவை

ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இன்ஜின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றக் கூடாது. கழற்றினால் மின் அழுத்தம் திடீரென எகிறி டையோடுகளையும் ரெகுலேட்டரையும் அழிக்கும். வண்டியில் வெல்டிங் வேலை செய்வதானால் முதலில் பாட்டரியையும் ஆல்டர்னேட்டரின் கம்பிகளையும் பிரித்துவிட வேண்டும். வேறு வண்டியின் பாட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கும்போது பிளஸ், மைனஸ் இரண்டையும் இருமுறை பார்க்க வேண்டும்.

எல்லாரும் டைனமோவைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பகலில் மட்டும் ஓடும் வண்டிக்கு டைனமோவே போதும். தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றி, திசைமாற்றியைச் சுத்தம் செய்தாலே பல டைனமோக்கள் மீண்டும் உயிர் பெறும். இரவு உழவும், பல விளக்குகளும், அடிக்கடி நின்று கிளம்பும் வேலையும் உள்ள வண்டிக்கே இந்த மாற்றம் தேவை. எங்கள் டைனமோவை அப்பா சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார். தாத்தா வாங்கியது அல்லவா?

தோழியரே, இது ஆண்கள் வேலை என்று சொல்லி ஒதுங்கியிருந்தால் எனக்கு இவற்றில் ஒன்றும் தெரிந்திராது. நாம் தேர்வுக்காகப் படிக்கும் மின்காந்தத் தூண்டல் மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு நின்றுகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரோ, தையல் இயந்திரமோ இருக்கும். பழுது பார்க்க வருகிறவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் மகிழ்ந்து சொல்வார்கள். ஆனால் ஒரு வளையம் இறங்க மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். என்னைப்போல் தட்டி இறக்காதீர்கள்.

சென்ற பருவத்தில் எங்கள் முறைத் தண்ணீர் இரவு 11 மணிக்கு வந்தது. அப்பா வண்டியை வயலில் இறக்கினார். நான் பழக்கத்தால் டார்ச் விளக்கை எடுத்தேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி மாடத்தில் வைத்துவிட்டு, "நீ போய்ப் படு, காலையில் பள்ளிக்கூடம் இருக்கிறது" என்றார். வாசலில் சிறிது நேரம் நின்று பார்த்தேன். வரப்போரத்தில் வண்டி மெல்லத் திரும்பியது. வெளிச்சம் குறையவில்லை.